பதினான்கு கேட்ச் எதற்கு? – நிரல் கேள்வி பதில்

கேள்வி: ஆன்லைன் துணிக்கடை ஒன்றுக்கு பிஎச்பியில் ஆர்டர் பகுதியை எழுதுகிறேன். பணம் வாங்க ஒரு பேமென்ட் கேட்வே, எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு கம்பெனி, பார்சலுக்கு ஒரு கூரியர். மூன்று பேரின் லைப்ரரியிலும் ஆளுக்கு ஐந்தாறு எக்செப்ஷன் கிளாஸ் (பிழை வந்தால் எறியப்படும் பொருளின் வகை). ஆர்டர் போடும் ஒரே ஃபங்ஷனில், எறிந்ததைப் பிடிக்கும் கேட்ச் பதினான்கு சேர்ந்துவிட்டது. போன மாதம் கூரியரை மாற்றினார்கள், நான் பதினோரு ஃபைலைத் திருத்தினேன். எல்லாவற்றுக்கும் மேலே தாயாக ஒரு பேஸ் கிளாஸ் வைத்துவிட்டால் தீருமா? இன்டர்ஃபேஸ் வை என்கிறார் நண்பர். எது சரி? (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: நண்பர் சொல்வதுதான் சரி, ஆனால் அவர் காரணம் சொல்லவில்லை போலிருக்கிறது. பதினான்கு கேட்ச் எழுதியிருக்கிறீர்களே, அவற்றின் உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அநேகமாக மூன்று விஷயம்தான் தேறும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை முயல்வது, வாடிக்கையாளருக்கு ஒரு வரி காட்டி அத்தோடு நிறுத்துவது, இரண்டும் முடியாதபோது லாகில் எழுதிவிட்டு உங்களை எழுப்புவது. செய்கிற காரியம் மூன்று, பிடிக்கிற இடம் பதினான்கு என்றால், யாரிடமிருந்து வந்தது என்பதை வைத்துப் பிரித்திருக்கிறீர்கள், என்ன செய்யப்போகிறோம் என்பதை வைத்துப் பிரிக்கவில்லை.

பேஸ் கிளாஸ் இங்கேதான் உதவாது. பிஎச்பியில் ஒரு கிளாஸுக்கு ஒரே தாய் கிளாஸ்தான். கேட்வே சர்வர் தற்காலிகமாகப் படுத்துவிட்டது என்று வையுங்கள். அந்த எக்செப்ஷன் பேமென்ட் குடும்பத்தில் சேருமா, மறுபடி முயலக்கூடியவை என்ற குடும்பத்தில் சேருமா? ஏதாவது ஒன்றில்தான் சேர்க்க முடியும், சேர்த்த மறுநாளே மற்றது வேண்டியிருக்கும். ஒருவருக்குப் பிறந்த வீடு ஒன்றுதான், ஆனால் அவரிடம் டிரைவிங் லைசென்ஸ் இருக்கலாம், நீச்சலும் தெரிந்திருக்கலாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்ட ஆள் தேடும்போது யார் வீட்டுப் பிள்ளை என்றா கேட்கிறோம்? இன்டர்ஃபேஸ் அந்த லைசென்ஸ் மாதிரி, இன்ன மெத்தட் என்னிடம் உண்டு என்று ஒரு கிளாஸ் கொடுக்கும் வாக்கு. எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கடைக்கு இரண்டு இன்டர்ஃபேஸ் போதும். ஒன்றுக்கு ‘மறுபடிமுயலலாம்’ என்று பெயர் வைப்போம், இன்னொன்றுக்கு ‘வாடிக்கையாளருக்குச்சொல்லலாம்’. (பிஎச்பியில் கிளாஸ் பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்தாலும் நிஜமாகவே ஓடும். ஆபீஸில் வைத்துவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்.) முதலாவதில் ஒரே ஒரு மெத்தட், எத்தனை விநாடி கழித்து முயல வேண்டும் என்று சொல்வது. எச்டிடிபியில் ‘இப்போது முடியாது’ என்று சொல்லும் 429, 503 பதில்களோடு சர்வர் ‘ரீட்ரை-ஆஃப்டர்’ என்ற தலைப்பை அனுப்பினால் அந்த எண்ணை இதில் போட்டுவிடலாம். இரண்டாவதிலும் ஒரே மெத்தட், திரையில் காட்டக்கூடிய வாக்கியத்தைத் தருவது. எக்செப்ஷனின் சொந்த மெசேஜை அப்படியே திரையில் காட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், அதில் டேபிள் பெயர் முதல் சர்வர் முகவரி வரை எல்லாம் வரும்.

இரண்டு இன்டர்ஃபேஸும் ‘த்ரோவபிள்’ என்பதை எக்ஸ்டெண்ட் செய்யட்டும். 2015 டிசம்பரில் பிஎச்பி 7 வந்தபோது வந்தது இது. எக்செப்ஷன், எரர் என்ற இரண்டு கிளாஸுக்கும் பொதுவாக மேலே உட்கார்ந்திருக்கும் இன்டர்ஃபேஸ். உங்கள் இன்டர்ஃபேஸ் இதை எக்ஸ்டெண்ட் செய்தால், பிடித்த பொருளிடம் மெசேஜும் முந்தைய பிழையும் கேட்க முடியும் என்பது எடிட்டருக்கும் தெரியும், சிவப்புக் கோடு போட்டுத் தொந்தரவு செய்யாது. ஆனால் ஒரு சாதாரண கிளாஸ் நேரடியாக ‘த்ரோவபிளை’ இம்ப்ளிமென்ட் செய்ய பிஎச்பி விடாது, எக்செப்ஷனையோ எரரையோ எக்ஸ்டெண்ட் செய்தே ஆகவேண்டும். ஆகவே உங்கள் ‘கேட்வேதூங்குகிறது’ என்ற கிளாஸ் ரன்டைம்எக்செப்ஷனை எக்ஸ்டெண்ட் செய்து, மேற்படி இரண்டு இன்டர்ஃபேஸையும் இம்ப்ளிமென்ட் செய்யும்.

சரி, கூரியர் கம்பெனியின் எக்செப்ஷனுக்கு உங்கள் இன்டர்ஃபேஸைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அதனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அடாப்டர் கிளாஸ் எழுதுங்கள். அவர்களுடைய எக்செப்ஷன் பெயர்கள் அந்த ஒரு ஃபைலைத் தாண்டி வெளியே வரக்கூடாது. உள்ளே அவர்களுடையதைப் பிடி, வெளியே நம்முடையதை எறி. எறியும்போது பழையதை மூன்றாவது ஆர்க்யுமென்டாகக் கூடவே அனுப்ப மறக்கவே கூடாது. மறந்தால் லாகில் உங்கள் அடாப்டரின் வரி எண் மட்டும் இருக்கும், உண்மையில் எங்கே உடைந்தது என்பது போயே போய்விடும். அடுத்த முறை கூரியரை மாற்றும்போது பதினொன்றல்ல, அந்த ஒரு ஃபைலைத் தொட்டால் போதும்.

இதில் நான் பட்ட ஒரு அடியைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு வேலையில், டைம்அவுட் என்றாலே மறுபடி முயலலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டேன். டைம்அவுட் என்றால் பதில் வரவில்லை என்றுதான் அர்த்தம், நாம் கேட்டது அங்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தமில்லை. போய்ச் சேர்ந்திருந்தது. பணமும் எடுத்தாகிவிட்டது. என் நிரல் விடாமல் இன்னொரு தடவை கேட்டது, இன்னொரு தடவையும் எடுத்தார்கள். மறுநாள் காலை வந்த முதல் போன் கால் இன்னும் காதில் இருக்கிறது. அதே டைம்அவுட், பார்சல் எங்கே இருக்கிறது என்று கேட்கும்போது வந்தால் பத்து தடவை கூட முயலலாம், பணம் எடுக்கும்போது வந்தால், ஒரே கோரிக்கையை இரண்டு தடவை அனுப்பினாலும் ஒரு தடவையாகக் கணக்கில் எடுக்கும் ஐடெம்பொடென்சி கீ இருந்தாலொழிய முயலக்கூடாது. ஆகவே எந்தப் பிழைக்கு எந்த இன்டர்ஃபேஸ் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அடாப்டர்தான், என்ன கேட்டோம் என்பது அவருக்குத்தானே தெரியும்.

கடைசியாக வரிசை. ஒரே எக்செப்ஷன் இரண்டு இன்டர்ஃபேஸையும் சுமந்தால், எந்த கேட்ச் முதலில் எழுதப்பட்டிருக்கிறதோ அதுதான் பிடிக்கும், மற்றது வேடிக்கை பார்க்கும். இரண்டையும் ஒரே ட்ரையின் கீழ் அடுக்காமல் இரண்டு தளத்தில் வையுங்கள். உள்ளே முயற்சி லூப், மூன்று தடவை முயன்றும் ஆகாவிட்டால் அதையே வெளியே எறியட்டும். வெளியே கண்ட்ரோலரில் வாடிக்கையாளருக்குச் சொல்லும் கேட்ச். அப்புறம் எல்லாவற்றுக்கும் வெளியே, மிச்சத்தைப் பிடித்து லாகில் எழுதும் ஒன்று. ஆக மூன்று.

கேள்வி: கேட்ச் எழுதியிருக்கிறேன், எழுத்துப்பிழை இல்லை, சரியாக அந்த எக்செப்ஷன்தான் வருகிறது, ஆனாலும் பிடிக்காமல் வெளியே ஓடிவிடுகிறது. பேயா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: ஃபைலின் தலையில் நேம்ஸ்பேஸ் (கிளாஸ் பெயர்களுக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் குடும்பப் பெயர்) இருக்கிறதா? இருந்தால் பேய் அதுதான். நேம்ஸ்பேஸுக்குள் வெறுமனே எக்செப்ஷன் என்று எழுதினால், உங்கள் நேம்ஸ்பேஸில் உள்ள எக்செப்ஷன் என்று பிஎச்பி எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு கிளாஸே இல்லையே, எரர் கொடுக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கொடுக்காது. கேட்சில் இல்லாத கிளாஸ் பெயரை எழுதினால் பிஎச்பி வாயே திறக்காமல் பொருந்தவில்லை என்று தாண்டிப் போய்விடும். இன்டர்ஃபேஸுக்கும் இதே கதிதான். மேலே, எந்த கிளாஸ் என்று முழுப்பெயரோடு சொல்லும் ‘யூஸ்’ வரியைப் போடுங்கள். இதைக் கண்ணால் தேடிப் பிடிப்பது கஷ்டம், நிரலை ஓட்டாமலே படித்துத் தப்பு சொல்லும் ஸ்டாட்டிக் அனலைசர் ஒன்றை ஓடவிட்டால் ஒரு நிமிஷத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: ஜாவாவில் நானும் இப்படி ஒரு இன்டர்ஃபேஸ் வைத்து கேட்சில் போட்டேன், கம்பைலரே விடமாட்டேன் என்கிறது. ஜாவாதானே இன்டர்ஃபேஸுக்குப் பேர் போனது? (ஒரு மென்பொருள் பணியாளர், பெங்களூரு)

பதில்: விடாது. ஜாவாவில் ‘த்ரோவபிள்’ என்பது பெயரைப் பார்த்தால் இன்டர்ஃபேஸ் மாதிரி இருந்தாலும் ஒரு கிளாஸ், கேட்சில் அதுவோ அதன் வாரிசோ மட்டும்தான் வரலாம். உங்கள் எக்செப்ஷன் இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்யலாம், எறியலாம், ஆனால் இன்டர்ஃபேஸ் பெயரைச் சொல்லிப் பிடிக்க முடியாது. பொதுவான எக்செப்ஷனாகப் பிடித்து, இந்த வகையா என்று கேட்கும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டுப் பார்த்து, நம்முடையது இல்லையென்றால் அப்படியே திரும்ப எறிவது ஒரு வழி. 2011இல் ஜாவா 7 வந்த பிறகு, பிடித்ததை மாற்றாமல் திரும்ப எறிந்தால் ட்ரைக்குள்ளிருந்து உண்மையில் எவை வரக்கூடும் என்பதைக் கம்பைலரே கணக்குப் போட்டுக்கொள்கிறது, ஆகவே மெத்தட் தலையில் பொத்தாம் பொதுவாக எக்செப்ஷன் எறியும் என்று எழுத வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் என்ன செய்யலாம் என்பதை வைத்துப் பிரிக்கிற யோசனை ஜாவாவுக்குப் புதிதில்லை. ஜாவா டேட்டாபேஸோடு பேசும் வழியான ஜேடிபிசியின் 4.0ஐத் திறந்து பாருங்கள், ஜாவா 6ஓடு வந்தது. எஸ்க்யூஎல்எக்செப்ஷனுக்குக் கீழே மூன்று கிளாஸ். ‘டிரான்சியன்ட்’ என்றால் எதையும் மாற்றாமல் இன்னொரு முறை முயன்றால் பலிக்கலாம். ‘நான்டிரான்சியன்ட்’ என்றால் காரணத்தைச் சரிசெய்யாமல் முயல்வது வீண். ‘ரெகவரபிள்’ என்றால் குறைந்தபட்சம் கனெக்ஷனை மூடிப் புதிதாகத் திறந்துவிட்டு முயன்று பார்க்கலாம். எந்த டேட்டாபேஸ் கம்பெனி என்ற பேச்சே அதில் கிடையாது. இன்டர்ஃபேஸைப் பிடிக்க முடியாத மொழியில் இதை கிளாஸ் வரிசையாகச் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சி ஷார்ப்பிலும் எக்செப்ஷன் கிளாஸைத்தான் பிடிக்க முடியும், ஆனால் 2015இல் சி ஷார்ப் 6இல் ‘வென்’ என்று ஒரு வடிகட்டி கொடுத்தார்கள். கேட்சுக்குப் பக்கத்திலேயே, இது இந்த இன்டர்ஃபேஸைச் சேர்ந்ததாக இருந்தால் மட்டும் என்று எழுதலாம். பிடித்துவிட்டுத் திரும்ப எறிவதைவிட இது சுத்தம், ஏனென்றால் பொருந்துகிறதா என்று பார்க்கும் நேரத்தில் ஸ்டாக் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற அடுக்கு) இன்னும் கலைந்திருக்காது. பைத்தானில் பல தாய் கிளாஸ் வைக்கலாம் என்பதால் பிரச்சினையே இல்லை, அடையாளத்துக்கு வைக்கும் கிளாஸும் எக்செப்ஷன் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

கேள்வி: ரெபாசிட்டரி இன்டர்ஃபேஸ் வைத்து டேட்டாபேஸை மறைத்திருக்கிறேன். உள்ளே பிடிஓவிலிருந்து (டேட்டாபேஸோடு பேச பிஎச்பி தரும் பகுதி) வரும் எக்செப்ஷனைப் பிடித்து, மெசேஜ், கோட், பழைய எக்செப்ஷன் மூன்றையும் கொடுத்து என் சொந்த எக்செப்ஷனாக எறிகிறேன். லோக்கலில் நன்றாக ஓடியது. சர்வரில் ஏற்றியதும் ‘டைப்எரர்’ என்று சம்பந்தமே இல்லாத ஒன்று வருகிறது. (ஒரு இறுதியாண்டு மாணவி, கோவை)

பதில்: முதலில் பாராட்டு. இன்டர்ஃபேஸ் வைத்து டேட்டாபேஸை மறைத்துவிட்டு எக்செப்ஷனை மட்டும் பச்சையாக வெளியே விடுகிறவர்கள்தான் அதிகம், முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து வைக்கிற கதை. ஒரு மெத்தட் எதைத் திருப்பித் தரும் என்பது எப்படி இன்டர்ஃபேஸின் பகுதியோ, எதை எறியும் என்பதும் அப்படித்தான். பிஎச்பி உலகில் பிஎஸ்ஆர்-18 என்ற எச்டிடிபி கிளையன்ட் வரையறை இதை அழகாகச் செய்திருக்கிறது. கிளையன்டுக்கு ஒரு இன்டர்ஃபேஸ், கூடவே எக்செப்ஷனுக்கு மூன்று. பொதுவாக ஒன்று, அனுப்பிய கோரிக்கையே சரியில்லை என்றால் ஒன்று, நெட்வொர்க் போய்விட்டால் ஒன்று. 404 பதில் வந்தால் அதை எக்செப்ஷனாக எறியக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள், பதில்தான் ஒழுங்காக வந்துவிட்டதே.

இப்போது உங்கள் டைப்எரர். எக்செப்ஷன் கன்ஸ்ட்ரக்டரின் இரண்டாவது ஆர்க்யுமென்ட் முழு எண்ணாக இருக்க வேண்டும். பிடிஓ எக்செப்ஷனின் கோட் பெரும்பாலும் எஸ்க்யூஎல்ஸ்டேட் என்ற ஐந்தெழுத்துச் சரம். லோக்கலில் அநேகமாக டூப்ளிகேட் என்ட்ரியை வைத்துச் சோதித்திருப்பீர்கள், அதன் கோட் ‘23000’, பார்க்க எண் மாதிரியே இருப்பதால் பிஎச்பி அதை எண்ணாக மாற்றிக்கொண்டு போய்விட்டது. சர்வரில் ஏதோ ஒரு டேபிள் இல்லை போலிருக்கிறது, அதற்கு ‘42எஸ்02’. நடுவில் எழுத்து வந்ததும் மாற்ற முடியாமல் டைப்எரர். கேட்ச் பிளாக்குக்குள்ளேயே இது வெடிப்பதால் முதலில் வந்த உண்மையான பிழை எங்கும் பதிவாகாமல் மறைந்துவிடும், பாவம் நீங்கள் டைப் எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். கோட் இருக்கும் இடத்தில் பூஜ்யம் போடுங்கள். எஸ்க்யூஎல்ஸ்டேட் வேண்டுமானால் பழைய எக்செப்ஷனிடமே இருக்கிறது, ‘எரர்இன்ஃபோ’வில் மைஎஸ்க்யூஎல்லின் சொந்த எண்ணும் கிடைக்கும், டூப்ளிகேட்டுக்கு 1062, இரண்டு டிரான்ஸாக்ஷன் ஒன்றுக்காக ஒன்று காத்து முட்டிக்கொள்ளும் டெட்லாக்குக்கு 1213. 1213 வந்தால் திருப்பூர் வாசகருக்குச் சொன்ன ‘மறுபடிமுயலலாம்’ போட்டு எறியலாம், ஆனால் திரும்ப முயலும்போது முழு டிரான்ஸாக்ஷனையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும், கடைசி வரியை மட்டும் ஓட்டினால் முன்னால் செய்ததெல்லாம் ரோல்பேக்கில் போயிருக்கும்.

கேள்வி: எங்கள் டீம் லீட், ‘எந்த எக்செப்ஷன் வந்தாலும் வகை பார்க்காதே, லாகில் எழுது, ப்ராசஸை நிறுத்து, சூப்பர்வைசர் திரும்ப எழுப்பிவிடும்’ என்கிறார். கேட்க எளிமையாக இருக்கிறது. சரிதானா? (ஒரு வாசகர், சென்னை)

பதில்: பாதி சரி. என்ன நிலையில் இருக்கிறோம் என்றே தெரியாதபோது நிறுத்துவது நேர்மையான வழி, நானும் செய்வேன். ஆனால் எல்லாப் பிழைக்கும் அதுவே மருந்து என்றால், 1996 ஜூன் 4ஆம் தேதி பிரெஞ்சு கயானாவில் நடந்ததை உங்கள் லீடுக்குச் சொல்லுங்கள்.

ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம். புறப்படும் வரிசை தொடங்கிச் சுமார் 40 விநாடியில், சுமார் 3700 மீட்டர் உயரத்தில் திசை மாறி உடைந்து வெடித்தது. ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகம் என்று அளந்து சொல்லும் கணினியில், 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் எண் கொள்ளாமல் எக்செப்ஷன் வந்தது. அந்த மாதிரி ஏழு மாறிகள் இருந்தன, நான்குக்குப் பாதுகாப்பு எழுதியிருந்தார்கள், மூன்றை விட்டிருந்தார்கள். கணினியின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற இலக்கும் அதற்கு ஒரு காரணம். அந்தக் கணக்கே ஏரியன் 5க்குக் கிளம்பிய பிறகு தேவையில்லாதது, ஏரியன் 4 காலத்திலிருந்து அப்படியே எடுத்து வந்தது.

எல்லோரும் இதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். உங்கள் கேள்விக்கு வேண்டியது அடுத்தது. எக்செப்ஷன் வந்தால் என்ன செய்வது என்று அங்கே ஏற்கெனவே ஒரு விதி இருந்தது, கிட்டத்தட்ட உங்கள் லீட் சொல்வதேதான்: குறித்து வை, ப்ராசஸரை நிறுத்து. பிழை என்றால் அது எப்போதாவது வரும் வன்பொருள் கோளாறாகத்தான் இருக்கும், ஒன்று நின்றால் மாற்று ஒன்று இருக்கிறது என்ற நினைப்பில் எழுதிய விதி. மாற்றுக் கணினியிலும் அதே நிரல், அதே எண்தான் போயிருந்தது. அதனால் அது முந்தைய 72 மில்லிவிநாடிச் சுற்றிலேயே அதே காரணத்துக்காக நின்றுவிட்டிருந்தது. இரண்டாவதும் நின்றபோது அனுப்பிய பிழைத் தகவலைப் பிரதான கணினி பறக்கும் திசை என்று எடுத்துக்கொண்டு, இல்லாத சாய்வைத் திருத்தப் போய் எஞ்சின் முனைகளை முழுசாகத் திருப்பியது.

உங்கள் ஆபீஸில் இதன் சின்ன வடிவம், வேலைகள் வரிசையில் காத்திருக்கும் க்யூவில் வரும். ஒரு கெட்டுப்போன ஆர்டர் மெசேஜ் வந்து, அவற்றை எடுத்துச் செய்யும் வொர்க்கரைச் சாய்க்கும், சூப்பர்வைசர் எழுப்பும், அதே மெசேஜ் முதல் வரிசையில் நிற்கும், மறுபடி சாயும். ராத்திரி முழுக்க இதே கூத்து, பின்னால் நிற்கும் நல்ல ஆர்டர் ஒன்றும் நகராது. ‘இந்த மெசேஜைத் தூக்கி ஓரமாக வை’ என்று சொல்ல ஒரு இன்டர்ஃபேஸ் இருந்தால், வொர்க்கர் அதை மட்டும் தனிக் க்யூவுக்குத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கும். அதைச் சுமக்காத எக்செப்ஷன் எதுவானாலும் லீட் சொன்னபடி நிறுத்துங்கள், அவர் மனசும் நோகாது.

கேள்வி: கேட்ச் பிளாக்கைக் காலியாக விடலாமா? (அதே வாசகர்)

பதில்: காரணத்தை ஒரு வரி கமென்டாக எழுத முடிந்தால் விடலாம். தற்காலிக ஃபைலை அழிக்கப் போனேன், ஏற்கெனவே யாரோ அழித்துவிட்டார்கள், அதனால் பரவாயில்லை என்பது காரணம். ‘எரர் வந்துகொண்டே இருந்தது’ என்பது காரணமில்லை.

கேள்வி: அப்படியானால் மொத்தம் எத்தனை இன்டர்ஃபேஸ் வைப்பது? எங்கள் ப்ராஜெக்டில் இப்போது இருபத்தாறு இருக்கிறது. (ஒரு வாசகர், சேலம்)

பதில்: இருபத்தாறா! இன்டர்ஃபேஸ் பெயர் ஒவ்வொன்றையும் ப்ராஜெக்ட் முழுக்கத் தேடுங்கள். எந்த கேட்சிலும் வராதது, வந்தாலும் உள்ளே பக்கத்து கேட்சில் உள்ள அதே நான்கு வரி இருப்பது, இரண்டையும் எடுத்துவிடுங்கள். வெளியாருக்குக் கொடுக்கும் லைப்ரரியாக இருந்தால் மட்டும், இது எங்கள் லைப்ரரியிலிருந்து வந்தது என்று சொல்ல வெற்று இன்டர்ஃபேஸ் ஒன்று இருக்கட்டும், சிம்ஃபோனி என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க் தன் பல காம்பொனென்ட்களில் அப்படி ஒன்று வைத்திருக்கிறது. மிச்சம் எத்தனை தேறியது என்று எழுதுங்கள். நாலைந்துக்கு மேல் போனால் அந்தக் கேட்ச்களையும் சேர்த்து அனுப்புங்கள், பார்க்கலாம்.